கனடிய ரிசேர்வ் படையிலிருந்து முழுநேர விமானக்குழுப் பணிக்கு மாறுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடிய ஆயுதப்படைகளின் ரிசேர்வ் பிரிவுகளில், படிப்புக்கும் வேலைக்கும் இடையே மாலைகளிலும் வார இறுதிகளிலும் சேவை செய்யும் தமிழ் இளையோர் இப்போது ஆங்காங்கே இருக்கிறார்கள். சில ஆண்டுகள் போனபின், இதையே முழுநேரத் தொழிலாகக் கொள்ளலாமா, அதிலும் விமானத்தில் ஏறிப் பணியாற்றும் வேலைக்குப் போகலாமா என்ற எண்ணம் அவர்களில் சிலருக்கு வருகிறது. ரிசேர்வ் படையணி ஒன்றின் அலுவலகத்தில் இத்தகைய கோப்புகளைப் பல காலம் கையாண்டவள் என்ற முறையில், திரும்பத் திரும்ப என்னிடம் வந்த கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன். விதிகளும் வெற்றிடங்களும் மாறிக்கொண்டே இருப்பவை. ஆகவே உங்கள் விடயத்தில் இறுதி வார்த்தையை உங்கள் படையணி அலுவலகத்திடமிருந்து எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

இது புதிதாகப் படையில் சேர்வதா, வெறும் இடமாற்றமா?

இரண்டும் இல்லை. ரிசேர்வ் படையிலிருந்து, முழுநேரப் படையான ரெகுலர் படைக்கு மாறுவதைக் கொம்போனன்ட் ட்ரான்ஸ்பர் என்பார்கள். அலுவலகப் பேச்சில் அது 'சீ.டி.'. காலாட்படையிலோ பொருள் வழங்கல் பிரிவிலோ இருக்கும் ஒருவர் விமானக்குழுப் பணிக்குப் போக விரும்பினால், படைக் கூறு மாறுவதோடு தொழிலும் மாறுகிறது. அதாவது இரண்டு மாற்றங்கள் ஒரே கோப்பில் ஒன்றாகப் பயணிக்கின்றன. இதைப் புரிந்துகொள்ளாததால்தான் பலர் தடுமாறுகிறார்கள். 'நான் ஏற்கெனவே சிப்பாய்தானே, இடம் மாற்றிவிடுவார்கள்' என்று நினைப்பவர் மாதக்கணக்கில் ஒன்றும் நடக்காதது கண்டு சலிப்படைகிறார். 'எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டும்' என்று நினைப்பவரோ, தனக்கு உரிமையான சேவைக் காலத்தையும் பயிற்சி அங்கீகாரத்தையும் கேட்காமலே விட்டுவிடுகிறார்.

ரெகுலர் படை உங்களை ஏற்கக் கடமைப்பட்டதல்ல. ஒவ்வொரு தொழிலுக்கும் அந்த ஆண்டில் எத்தனை வெற்றிடம் என்று ஒரு கணக்கு இருக்கும். அதற்குள்தான் உங்கள் இடமும். உங்கள் கடந்த சேவைக்கு மதிப்பு உண்டு. ஆனால் அது எவ்வளவு தூரம் கோப்பில் பதிவாகியிருக்கிறது, கையெழுத்து வைப்பதற்கு முன் நீங்கள் அதை எவ்வளவு தெளிவாகக் கேட்டீர்கள் என்பவற்றைப் பொறுத்தே அந்த மதிப்பு உங்கள் கைக்கு வரும். கீழே நான் எழுதும் பலவும் இந்த ஒன்றைச் சுற்றியே இருக்கும்.

விமானக்குழுப் பணிகள் எவை? விமானி மட்டும்தானா?

விமானி அவற்றுள் ஒன்று மட்டுமே. அதிகாரி தரத்தில் விமானியும், ஏர் கொம்பாட் சிஸ்டம்ஸ் ஒஃபிசரும் இருக்கிறார்கள். பின்னவர் முன்பு 'ஏர் நவிகேட்டர்' என்று அழைக்கப்பட்டவர். இன்று வழிகாட்டலோடு விமானத்தின் உணரிகள், ஆயுதங்கள், தந்திரோபாயத் தீர்மானங்கள் ஆகியவற்றையும் ஒருங்கிணைப்பவர்.

அதிகாரி அல்லாத தரத்தில் ரிசேர்வ் படையினர் பெரிதும் விசாரிப்பது ஏர்போர்ன் இலெக்ட்ரோனிக் சென்சர் ஒப்பரேட்டர் பணியைப் பற்றி. எல்லோரும் அதை 'ஏ.ஈ.எஸ். ஒப்' என்கிறார்கள். ஃபிளைட் எஞ்சினியர் விமானம் பறக்கும்போதே அதன் இயந்திரத் தொகுதிகளைக் கண்காணிப்பவர். லோட்மாஸ்டர் ஹெர்குலிஸ், குளோப்மாஸ்டர் போன்ற போக்குவரத்து விமானங்களில் சரக்கின் எடையையும் சமநிலையையும் கணித்து ஏற்றுபவர், பரசூட் வழியாக இறக்குபவர். தேடல், மீட்புத் தொழில்நுட்பவியலாளரான 'சார் டெக்', செம்மஞ்சள் உடையில், விபத்து நடந்த இடத்துக்குப் பரசூட்டில் குதித்தோ கம்பிவடத்தில் இறங்கியோ போய் உயிர் காப்பவர்.

இவற்றை ஒரே தராசில் வைக்காதீர்கள். சார் டெக் பணிக்கு நீண்ட காலமாகவே, ஏற்கெனவே படையில் சேவையாற்றுவோரிடமிருந்து ஆட்களைத் தெரிவு செய்துவந்தார்கள். ரிசேர்வ் படையினரும் அதற்கு விண்ணப்பிக்கலாம். அல்பேர்ட்டாவின் ஹிண்டன் அருகே ஜார்விஸ் ஏரிப் பகுதியில் நடக்கும் முன்தெரிவுக் கட்டத்திலேயே பலர் நின்றுவிடுவார்கள். தேறுவோர் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கோமொக்ஸ் தளத்திலுள்ள தேடல், மீட்புப் பாடசாலைக்குப் போவார்கள். ஃபிளைட் எஞ்சினியர்கள் பெரும்பாலும் விமானத் தொழில்நுட்பவியலாளராகப் பல ஆண்டு வேலை செய்தவர்களிடமிருந்து வருபவர்கள். லோட்மாஸ்டர்களையும் நீண்ட காலம் ட்ராஃபிக் டெக்னிஷியன்களிலிருந்தே எடுத்தார்கள். ஆகவே வேறு தொழிலிலுள்ள ரிசேர்வ் படையினர் ஒருவருக்கு நேரடியாகத் திறக்கும் கதவு எது, இரண்டு படியில் போகவேண்டியது எது என்பதை முதலில் பிரித்துப் பார்க்கவேண்டும்.

ஏ.ஈ.எஸ். ஒப் ஒருவர் உண்மையில் என்ன வேலை செய்கிறார்?

இந்தக் கேள்வியை முதலில் கேட்பவர்கள் குறைவு என்பது என் மனக்குறை. விமானத்தின் படத்தைப் பார்த்துத் தொழிலைத் தேர்ந்தெடுப்போர் அதிகம்.

நோவா ஸ்கோஷியாவின் கிறீன்வூட் தளத்திலிருந்தோ கோமொக்ஸிலிருந்தோ கிளம்பும் சீ.பி.-140 அரோரா விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரிசையாகத் திரைகள். ஏ.ஈ.எஸ். ஒப்களில் சிலர் கடலுக்குள் போடப்பட்ட சொனோபோய்களிலிருந்து, அதாவது நீருக்கடியில் ஒலியைப் பிடிக்கும் மிதவைகளிலிருந்து, வரும் ஒலியைப் பார்க்கிறார்கள். ஆம், கேட்பதைவிடப் பார்ப்பதே அதிகம். திரையில் நேரம் ஓட ஓட மெல்லிய கோடுகள் கீழ்நோக்கி வழிந்துகொண்டிருக்கும். அவற்றுள் ஒன்று மீன்பிடிப் படகின் இயந்திரமாக இருக்கலாம், ஒன்று தொலைவில் போகும் சரக்குக் கப்பலின் சுழலியாக இருக்கலாம், இன்னொன்று நீர்மூழ்கியாகவும் இருக்கலாம். அந்தக் கோட்டின் அதிர்வெண், அதன் மெல்லிய நகர்வு, அதோடு சேர்ந்து தோன்றும் மற்றக் கோடுகள் ஆகியவற்றைக் கொண்டு எது எது என்று சொல்லவேண்டும். இன்னொருவர் ராடாரையும், வெப்பத்தைக் காட்டும் கமராவையும், பிற கப்பல்கள் வெளியிடும் மின்காந்த அலைகளைப் பிடிக்கும் கருவியையும் இயக்குவார். ஒரே பறப்பு பத்து மணி நேரத்தையும் தாண்டலாம். அதில் பெரும்பகுதி ஒன்றும் நடக்காத நேரமாகவே இருக்கும். அந்த நேரத்திலும் கவனம் சிதறாதிருப்பதே இந்தத் தொழிலின் சாரம்.

சைக்ளோன் ஹெலிகொப்டரில் இதே தொழில் வேறு முகம் கொள்கிறது. குழு சிறியது, தளம் நடுக்கடலில் ஆடும் போர்க்கப்பலின் மேற்தளம். அங்கே ஏ.ஈ.எஸ். ஒப் திரையை விட்டு எழுந்து, கதவருகே நின்று வின்ச் இயக்கி மனிதர்களைத் தூக்கவும் வேண்டியிருக்கும். கடற்பயணத்தில் மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருப்பதும் உண்டு.

நீண்ட நேரம் பொறுமையாக அமர்ந்து நுணுக்கம் பார்க்கும் இயல்புள்ளவருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை படையில் அரிது. துடிப்பான உடலுழைப்பை நாடிக் காலாட்படையில் சேர்ந்த ஒருவர், 'பறக்கலாம்' என்ற ஒரே காரணத்துக்காக இதைத் தெரிவு செய்தால் பின்னர் வருந்தக்கூடும்.

விமானங்கள் மாறுகின்றனவாமே. நான் தேர்ந்தெடுக்கும் தொழில் நிலைக்குமா?

நியாயமான கேள்வி. அரோரா 1980 முதல் சேவையில் உள்ளது. 2030 அளவில் ஓய்வு பெறும் என்று திட்டமிடப்பட்டிருக்கிறது. அதற்குப் பதிலாக 14 பி-8ஏ பொசைடன் விமானங்களை வாங்குவதாகவும், மேலும் இரண்டை வாங்கும் உரிமையைத் தக்கவைத்துக்கொள்வதாகவும் 2023 நவம்பர் இறுதியில் கனடிய அரசு அறிவித்தது. அடுத்த மாதமே எம்.க்யூ.-9பி ரக ஆளில்லா விமானங்கள் 11ஐ வாங்கும் முடிவும் வெளியானது. உணரிகளை இயக்கத் தெரிந்தவர்களின் தேவை இவற்றால் குறையாது. திரை மாறும், தொழில் இருக்கும்.

ஃபிளைட் எஞ்சினியர் நிலை வேறு. பொசைடனில் அந்த இருக்கை இல்லை. ஹெர்குலிஸின் புதிய ஜே ரகத்திலும் இல்லை. கிரிஃபன், கொர்மொரன்ட் ஹெலிகொப்டர்களில் அவர்களின் தேவை தொடர்கிறது. அந்தத் தொழிலை விரும்புவோர் அடுத்த பத்து ஆண்டில் எந்தத் தளத்தில், எந்த வானூர்தியில் இருக்கக்கூடும் என்பதை அத்தொழிலின் மூத்தவர் ஒருவரிடம் வெளிப்படையாகக் கேட்டு அறிந்துகொள்வது நல்லது.

எங்கே தொடங்குவது? நேரே ஆட்சேர்ப்பு நிலையத்துக்குப் போகலாமா?

உங்கள் படையணியில் தொடங்குங்கள். உங்கள் பகுதித் தலைவரிடம் முறையாகச் சொல்லி, அலுவலகத்தில் விண்ணப்பத்தை ஆரம்பிப்பதே சரியான வழி. மேலதிகாரிக்குத் தெரியாமல் நகர்த்த முயன்றால், கோப்பில் அவருடைய பரிந்துரை தேவைப்படும் கட்டத்தில் அது திரும்பிவந்து நிற்கும். நல்ல சிப்பாயை இழக்க எந்தப் படையணியும் விரும்பாது. ஆனாலும் நேரே வந்து சொன்ன ஒருவரை வேண்டுமென்று தடுத்த தலைவரை நான் கண்டதில்லை. தாமதத்தை நிறையக் கண்டிருக்கிறேன். அது பெரும்பாலும் கவனக்குறைவால் வந்தது. ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மரியாதையாக விசாரியுங்கள். விசாரித்த திகதியையும் கிடைத்த பதிலையும் குறித்துவையுங்கள்.

விண்ணப்பத்துக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் 'எம்.பி.ஆர்.ஆர்.' எனப்படும் சேவைப் பதிவுச் சுருக்கத்தை அச்செடுத்து, ஒவ்வொரு வரியையும் சோதியுங்கள். பயிற்சியை முடித்திருப்பீர்கள், சான்றிதழ் வீட்டில் சட்டமிட்டுத் தொங்கும், ஆனால் பதிவில் அந்தப் பயிற்சி ஏறியிருக்காது. கோடைகாலப் பயிற்சி வேறு தளத்தில் நடந்து, அங்கிருந்து அறிக்கை உங்கள் அலுவலகத்துக்கு வந்துசேராததே வழக்கமான காரணம். உங்கள் கோப்பை மதிப்பிடுபவர் உங்களைப் பார்த்திருக்கமாட்டார். அந்தத் தாளைத்தான் பார்ப்பார். முதலுதவிப் பயிற்சிக் காலாவதி, உடற்தகுதிச் சோதனைத் திகதி, சாரதி அனுமதி, கல்விச் சான்றுகள் எல்லாம் அதில் சரியாக இருக்கவேண்டும்.

மருத்துவச் சோதனை எப்படி? ரிசேர்வில் நான் ஏற்கெனவே தகுதி பெற்றவன்தானே?

ரிசேர்வில் பெற்ற தகுதி தரைப்பணிக்கானது. கனடியப் படையின் மருத்துவத் தரநிலையில் ஆறு கூறுகள் உள்ளன: பார்வை, நிறப்பார்வை, செவி, புவியியல் (எத்தகைய இடங்களில் பணியாற்றலாம்), தொழில் (எத்தகைய வேலைகளைச் செய்யலாம்), வான் (பறக்கலாமா). கடைசியான வான் கூறு காலாட்படைச் சிப்பாய் ஒருவருக்குப் பொருட்டே அல்ல. விமானக்குழுவினருக்கு அதுவே வாசற்கதவு. உங்கள் சோதனை முடிவுகள், இதய மின்வரைவு, கண் மருத்துவரின் அறிக்கை முதலியன ஒன்றுசேர்க்கப்பட்டு, ரொறன்ரோவில் உள்ள படைச் சூழல் மருத்துவ நிறுவனத்தின் மதிப்பீட்டுக்குப் போகும். விமானி விண்ணப்பதாரராயின் கை, கால், உட்கார்ந்த உயரம் ஆகியவற்றையும் அங்கே அளப்பார்கள். விமானி அறைக்குள் ஒருவர் பாதுகாப்பாக அடங்குகிறாரா என்பது அந்த அளவுகளில் தங்கியிருக்கிறது.

பகுதிநேர ரிசேர்வ் படையினருக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. கிளாஸ் ஏ எனப்படும் பகுதிநேரச் சேவையில் இருப்பவர் பொதுவாகத் தன் குடும்ப வைத்தியரிடம், மாகாண சுகாதார அட்டையில்தான் மருத்துவம் பார்த்திருப்பார். ஆகவே அவருடைய மருத்துவ வரலாறு படையிடம் முழுமையாக இருக்காது. சிறுவயதில் இழுப்புக்கு மருந்தெடுத்தது, ஒருமுறை மயங்கி விழுந்தது, ஒற்றைத் தலைவலி என்று ஏதேனும் இருந்தால், அதற்கான பழைய அறிக்கைகளை முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவ மதிப்பீட்டாளர் ஒரு கேள்வி கேட்டு, அதற்கு நீங்கள் ஒரு கடிதம் தேடி, அது போய்ச் சேர்ந்து, இன்னொரு கேள்வி வருவதற்குள் பருவம் ஒன்று கழிந்துவிடும்.

எதையும் மறைக்காதீர்கள். நம் வீடுகளில் நோயைப் பற்றி, குறிப்பாக மன அழுத்தம் பற்றி, வெளியே சொல்லக்கூடாது என்ற பழக்கம் ஆழமாக இருக்கிறது. விமானத்தில் உங்கள் உடல்நிலை உங்களுக்கு மட்டும் உரியதல்ல. அதனோடு குழுவின் உயிரும் சேர்ந்திருக்கிறது. சொன்னதால் தாமதமானவர்கள் பலர் பின்னர் தேறியிருக்கிறார்கள். மறைத்தது பின்னர் வெளிப்பட்டால், சேவையே முடிவுக்கு வரலாம்.

கண்ணில் லேசர் சிகிச்சை செய்துகொண்டு விண்ணப்பிக்கலாம் என்று எண்ணுபவர்கள், சிகிச்சைக்கு முன்பே படை மருத்துவப் பிரிவிடம் கேளுங்கள். எல்லா வகைச் சிகிச்சையும் ஏற்கப்படுவதில்லை. ஏற்கப்படுவதற்கும் காத்திருப்புக் காலம் உண்டு. நிறப்பார்வைக் குறைபாடு பிறவியிலேயே வருவது, சிகிச்சையால் திருந்தாதது; ஆகவே மற்ற எல்லாவற்றுக்கும் முன் அதைச் சோதித்துக்கொண்டால் ஓராண்டு ஏமாற்றம் மிச்சமாகும்.

தெரிவுச் சோதனைகள், உடற்தகுதி?

விமானியாகவும் ஏர் கொம்பாட் சிஸ்டம்ஸ் ஒஃபிசராகவும் வர விரும்புவோர் ஒன்ராறியோவின் ட்ரென்டன் தளத்திலுள்ள விமானக்குழுத் தெரிவு நிலையத்துக்கு அழைக்கப்படுவார்கள். அங்கே கணினி வழியாக, ஒரே நேரத்தில் பல தகவல்களைக் கையாளும் திறன், இடவெளி உணர்வு, மனக்கணக்கு முதலியவை சோதிக்கப்படும். பாடப்புத்தகம் படித்துத் தேறும் சோதனை அல்ல; ஆயினும் வேகம், தூரம், நேரம் தொடர்பான மனக்கணக்கைப் பழகிக்கொண்டு போவது கைகொடுக்கும்.

உடற்தகுதிக்கு 'ஃபோர்ஸ்' சோதனைதான். 20 மீற்றர் ஓட்டங்களை 51 வினாடிக்குள், 20 கிலோ மணல்மூட்டையை 30 தடவை தூக்குவதை மூன்றரை நிமிடத்துக்குள், சுமையோடு மாறிமாறி நடப்பதை 5 நிமிடம் 21 வினாடிக்குள் முடித்து, இறுதியாக மணல்மூட்டைகளை 20 மீற்றர் தூரம் இழுக்கவேண்டும். ரிசேர்வில் ஒழுங்காக இருந்தவருக்கு இது புதிதல்ல. சார் டெக் பணிக்கு மட்டும் இதைவிடப் பன்மடங்கு கடினமான தயாரிப்பு தேவை; நீச்சலை ஓராண்டு முன்பே தொடங்குங்கள்.

அடிப்படைப் பயிற்சியைத் திரும்பச் செய்யவேண்டுமா?

முந்தைய பயிற்சியை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் 'பி.எல்.ஏ.ஆர்.' நடைமுறை இதைத் தீர்மானிக்கும். ரிசேர்வ் அடிப்படைப் பயிற்சியை முழுமையாக முடித்துச் சில ஆண்டு சேவையும் உள்ளவர்களில் பலர் கியூபெக்கின் சென்-ஜோன் பாடசாலைக்கு மீண்டும் போகவேண்டி வருவதில்லை. அதிகாரியாக மாறுவோருக்கு அதிகாரிப் பயிற்சி தனி. எவை அங்கீகரிக்கப்பட்டன என்பது வாய்ப்பேச்சாக இல்லாமல், கையில் வரும் நியமன வாய்ப்புக் கடிதத்தில் எழுதப்பட்டிருக்கவேண்டும்.

என் தரநிலையும் சம்பளமும் என்னவாகும்?

இதுவே அதிக மனக்கசப்பை உண்டாக்கும் இடம். ரிசேர்வில் மாஸ்டர் கோப்ரலாகவோ சார்ஜண்டாகவோ இருப்பவர், புதிய தொழிலில் ஒன்றும் அறியாதவராகவே நுழைகிறார். ஆகவே தரநிலை இறங்குவது சாதாரணம். இறங்கினாலும், முந்தைய சேவைக்காலம் சம்பளப் படிநிலையிலும் அடுத்த பதவி உயர்வுக்கான காலக்கணக்கிலும் எவ்வளவு சேர்க்கப்படுகிறது என்பதில்தான் உண்மையான வித்தியாசம் இருக்கிறது.

கிளாஸ் ஏ சேவை நாட்கணக்கில் பதிவாவது. ஒரு மாலைப் பரேட் ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தால் அது அரைநாள். நான்கு ஆண்டு பரேட்டுக்குப் போனவர் நான்கு ஆண்டு முழுநேரச் சேவை செய்ததாக எண்ணிக்கொள்வார். சம்பளப் பதிவு வேறு கதை சொல்லும். கிளாஸ் பி முழுநேர ஒப்பந்தங்களும், வெளிநாட்டுப் பணியில் செய்த கிளாஸ் சி சேவையும் தனித்தனியே கணக்கிடப்படவேண்டியவை. கிளாஸ் சி காலத்தில் ரெகுலர் படைச் சம்பளமே கிடைத்திருக்கும். மற்ற இரண்டிலும் அதைவிடக் குறைவு. இந்தக் கணக்கை நீங்களே ஒரு தாளில் போட்டுவைத்து, வாய்ப்புக் கடிதம் வந்ததும் ஒப்பிடுங்கள். பிழை இருந்தால், ஏற்றுக்கொள்வதற்கு முன் திருத்தக் கேளுங்கள். ஏற்றுக் கையெழுத்திட்டபின் திருத்துவது முடியாததல்ல, ஆனால் அது மாதங்களை, சில வேளை ஆண்டுகளை விழுங்கும் முறையீடாக மாறிவிடும். விமானக்குழுவுக்கு மாதாந்தப் படி ஒன்றும் உண்டு. அது பயிற்சியின் எந்தக் கட்டத்திலிருந்து கிடைக்கும் என்பதையும் கேட்டு வையுங்கள்.

ஓய்வூதியம்?

ரிசேர்வ் படையினருக்கான ஓய்வூதியத் திட்டம் 2007 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ரெகுலர் படைக்கு மாறும்போது நீங்கள் முழுநேரத் திட்டத்துக்குள் வருகிறீர்கள். முந்தைய ரிசேர்வ் சேவையைப் பணம் செலுத்தி அதோடு சேர்த்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. மாறிய முதல் ஓராண்டுக்குள் இதைப் பற்றிய முடிவை எடுத்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் செலவு கூடும். 22 வயதில் ஓய்வூதியம் பற்றி யாரும் யோசிப்பதில்லை என்பது தெரியும். இருந்தாலும், 25 ஆண்டுச் சேவைக்குப் பின் உடனடி ஓய்வூதியம் என்ற கணக்கில் இரண்டு ஆண்டு முன்னே நிற்பது சிறிய விடயம் அல்ல.

நான் கனடாவில் பிறக்கவில்லை. பாதுகாப்பு அனுமதி தடையாகுமா?

தடையல்ல, நேரம் எடுக்கும். 2022 நவம்பரிலிருந்து நிரந்தர வதிவுரிமை உள்ளவர்களும் படையில் சேர விண்ணப்பிக்க முடிகிறது. ஆனால் உணரிகளோடும் இரகசியத் தகவல்களோடும் வேலை செய்யும் விமானக்குழுப் பணிகளுக்குத் தேவைப்படும் அனுமதி, ரிசேர்வில் உங்களிடம் இருப்பதைவிட உயர்வானதாக இருக்கக்கூடும்.

இலங்கையிலோ இந்தியாவிலோ இடைத்தங்கல் நாடுகளிலோ வாழ்ந்த காலம், அங்குள்ள நெருங்கிய உறவினர்கள், வெளிநாட்டுப் பயணங்கள், வெளிநாட்டுக்கு அனுப்பிய பணம் யாவும் கேட்கப்படும். முகவரிகளில் இடைவெளி இல்லாதிருப்பதே முக்கியம். போர்க்காலத்தில் ஊர் ஊராக இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது எளிதல்ல. பெற்றோரோடு அமர்ந்து, எந்த ஆண்டு எங்கே இருந்தோம் என்று முன்கூட்டியே எழுதிவையுங்கள். ஆவணம் இல்லாத காலத்துக்கு, இல்லை என்பதையும் ஏன் இல்லை என்பதையும் நேராக எழுதுங்கள். பெயர் எழுதும் முறையில் உள்ள வேறுபாடு நம்மவர் கோப்புகளில் அடிக்கடி தடங்கலாகிறது. தந்தையின் பெயர் ஒரு பத்திரத்தில் முதற்பெயராகவும் இன்னொன்றில் குடும்பப் பெயராகவும் இருக்கும். சத்தியக் கடதாசி ஒன்றை முன்பே செய்து இணைத்தால் கோப்பு திரும்பி வராது.

பயிற்சி எங்கே நடக்கும்? பிறகு எங்கே வாழ்வேன்?

ஏ.ஈ.எஸ். ஒப்களின் அடிப்படைத் தொழிற்பயிற்சி வின்னிபெக்கில் நடப்பது. அதன்பின் அரோராவுக்குத் தெரிவானவர் கிறீன்வூட்டுக்கும், சைக்ளோனுக்குத் தெரிவானவர் ஹலிஃபக்ஸுக்கு அருகிலுள்ள ஷியர்வாட்டருக்கும் அந்தந்த வானூர்திப் பயிற்சிக்குப் போவார். இடையே குளிரிலும் காட்டிலும் உயிர்தப்பும் பயிற்சி, அமுக்கம் குறைந்த அறையில் ஒட்சிசன் குறைபாட்டை உணரும் பயிற்சி, நீரில் கவிழும் விமானக் கூட்டிலிருந்து வெளியேறும் பயிற்சி என்பனவும் உண்டு. விமானக்குழுப் பயிற்சி முழுவதையும் புதுப்பிக்க ஸ்கைஅலைன் நிறுவனத்தோடு 2024 மே மாதத்தில் 25 ஆண்டு ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டிருப்பதால், வரும் ஆண்டுகளில் பாடநெறிகளின் ஒழுங்கு மாறக்கூடும். பாடநெறிகளுக்கு இடையே காத்திருக்கும் காலமும் வரும். அதைப் பயிற்சியின் ஒரு பகுதியாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

இருப்பிடம் பற்றிக் குடும்பத்தோடு மனம்விட்டுப் பேசவேண்டும். ரிசேர்வில் இருக்கும்போது ஸ்காபரோவில் பெற்றோர் வீட்டில் இருந்துகொண்டே சேவை செய்தீர்கள். கிறீன்வூட் அன்னப்போலிஸ் பள்ளத்தாக்கில் உள்ள சிற்றூர். கோவில், தமிழ்க் கடை, உறவினர் யாரும் பக்கத்தில் இல்லை. மணமானவராயின் துணைவரின் வேலையும் பிள்ளைகளின் பாடசாலையும் இதில் அடங்கும். இடம் மாறும் செலவைப் படை ஏற்கும், தனிமையை ஏற்காது. அறிவிப்பு வந்தபின் பெற்றோருக்குச் சொல்வதைவிட, விண்ணப்பிக்கும் நாளிலேயே சொல்லி, அந்த ஊருக்கு ஒருமுறை துணைவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்து வருவது எவ்வளவோ மேல்.

எவ்வளவு காலம் பிடிக்கும்? இப்போதைய வேலையை எப்போது விடலாம்?

ஓராண்டு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவக் கேள்விகளோ உயர்நிலைப் பாதுகாப்பு அனுமதியோ இருந்தால் அதற்கு மேலும் ஆகலாம். எழுத்து மூல வாய்ப்பும், மாற்றம் நிகழும் திகதியும் கையில் கிடைக்கும்வரை சிவில் வேலையிலிருந்து விலகாதீர்கள், வாடகை வீட்டை விடாதீர்கள், ரிசேர்விலிருந்தும் விடுபடாதீர்கள். ரிசேர்விலிருந்து விலகிவிட்டுப் புதிதாகச் சேர்ந்தால் விரைவாக முடியும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அப்படிச் செய்தால் சேவைத் தொடர்ச்சி உடைவதோடு, கேட்டுப் பெறக்கூடிய அங்கீகாரங்களும் கேள்விக்குள்ளாகும்.

ஒன்ராறியோவின் தொழில் சட்டத்தில் ரிசேர்வ் படையினருக்கு வழங்கப்படும் வேலைப் பாதுகாப்பு விடுப்பு, வெளிநாட்டுப் பணிக்கும் பயிற்சிக்கும் உரியது. ரெகுலர் படைக்கு நிரந்தரமாக மாறுவதற்கு அது பொருந்தாது. அந்த நாளில் உங்கள் சிவில் வேலை முடிகிறது.

பட்டம் இருந்தால் அதிகாரியாகவே போகலாமா?

போகலாம். பட்டம் உள்ளவருக்கு நேரடி அதிகாரி நுழைவும், இல்லாதவருக்குப் படிப்போடு இணைந்த வேறு வழிகளும் உண்டு. விமானியாகப் பயிற்சி பெறுவோர், தேறியதற்கான சிறகுச் சின்னம் பெற்றபின் நீண்ட கட்டாயச் சேவைக் காலத்துக்குக் கட்டுப்படவேண்டும். ஆனால் பட்டம் இருப்பது மட்டும் அதிகாரியாவதற்குக் காரணம் ஆகாது. உணரியை இயக்குவதில் மனம் நிறைபவர் ஒருவர், நிர்வாகமும் தலைமைத்துவமும் சேர்ந்த அதிகாரி வாழ்க்கையை வீட்டாரின் பெருமைக்காக ஏற்றுக்கொள்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

பயிற்சியில் தேறாவிட்டால்?

படையிலிருந்து உடனே அனுப்பிவிடமாட்டார்கள். பெரும்பாலும் ஒரு மீளாய்வுக்குப் பின், வெற்றிடம் உள்ள வேறு தொழிலுக்கு மாறும் வாய்ப்பு வரும். பழைய தொழிலுக்கே, ஆனால் ரெகுலர் படையில், போவதும் அவற்றுள் ஒன்றாக இருக்கலாம். ரிசேர்வில் முன்பிருந்த அதே இடம் உங்களுக்காகக் காத்திருக்கும் என்று எதிர்பார்க்கமுடியாது. இரண்டாவது, மூன்றாவது விருப்பத் தொழில்களை நேர்முகத்தின்போது கவனமாகச் சொல்லுங்கள். அவை கோப்பில் பதிவாகும், பின்னர் எடுத்துப் பார்க்கப்படும்.

முழுவதுமாக மாறாமல் பறக்க வழி உண்டா?

உண்டு, ஆனால் குறுகிய வழி. விமானப்படைக்கும் ரிசேர்வ் பிரிவு இருக்கிறது. போர்டனிலுள்ள 400ஆவது, சென்-ஹூபேரிலுள்ள 438ஆவது ஹெலிகொப்டர் ஸ்குவாட்ரன்களில் ரெகுலர், ரிசேர்வ் படையினர் ஒன்றாகப் பணியாற்றுகிறார்கள். அங்கே பறப்பவர்களில் பெரும்பாலோர் ரெகுலர் படையில் பயிற்சியும் அனுபவமும் பெற்றபின் வந்தவர்கள். பயிற்சியே இல்லாத ஒருவரை ரிசேர்வில் வைத்து விமானக்குழுவினராக உருவாக்குவது அரிது. தரையில் நின்று விமானத்தைப் பராமரிக்கும் வேலையை அங்கே பகுதிநேரமாகக் கற்று, அந்தச் சூழல் தனக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்துவிட்டுப் பின்னர் சீ.டி.க்கு விண்ணப்பிக்கலாம். காலாட்படையிலிருந்து நேரே தாவத் தயங்குபவருக்கு நான் பெரும்பாலும் சொல்வது அந்த வழியைத்தான். போர்டன் ரொறன்ரோவிலிருந்து வாகனத்தில் போய்வரக்கூடிய தூரம். முதலில் அங்குள்ள ஆட்சேர்ப்புப் பொறுப்பாளரிடம் பேசி, எந்தத் தொழில்களில் வெற்றிடம் உள்ளது என்று கேளுங்கள்.